இரைச்சல் அடங்கும் பக்கம்

பெட்டியைத் தூக்கிவந்த நான்கு பேரும் கூடத்துக்கு நடுவில் திகைத்து நின்றுவிட்டார்கள். பெட்டியை இறக்கவேண்டிய சாப்பாட்டு மேசையில் ஏற்கெனவே ஒன்று வயிறு திறந்து மல்லாந்து கிடந்தது.

"ஏனுங்க அண்ணி, சீக்கிரம் சொல்லுங்க. தோளு கழண்டுக்கும்போல இருக்குது. இதை எங்கீங்க தூக்கி வெக்கிறது?" என்றான் ஆண்டனி ராஜ். செத்துப்போனவரின் தம்பி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். வெறும் பெட்டிதான். ஆனால் மலையிலேயே அறுத்த பலாமரம். உள்ளே ஆள் ஏறுவதற்கு முன்பே அரை யானை கனம் கனத்தது.

மேசைமேல் கிடந்தது காபிப்பழச் சிவப்பில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். கம்பிகளைத் தளர்த்தி, நெஞ்சுப் பலகையைக் கழற்றிக் கவிழ்த்து, உள்ளே இருந்த ஒயர்களை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சாசர் நிறையத் திருகாணிகள். நேற்றுச் சாயங்காலம் கிறிஸ்துதாஸ் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாசரில் போட்டுக்கொண்டே, "குமாரி, டீ" என்றார். மனைவி தேவகுமாரி டீயோடு வந்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனுஷர், வாழ்க்கையில் டீக்குக் காத்திருக்காமல் கிளம்பிப் போனது அந்த ஒரு தடவைதான்.

"நான் எடுக்கிறேன். யாரும் தொடாதீங்க."

தேவகுமாரி கிட்டாரை இரண்டு கைகளிலும் ஏந்திச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். ஒயர்கள் தொங்கின. திரும்பிவந்து சாசரை எடுக்கும்போது ஒரு திருகாணி எகிறி விழுந்து ஃப்ரீசர் பெட்டிக்கு அடியில் ஓடிவிட்டது. அது இல்லாமல் பலகை நிற்காது என்று யாரோ சொல்ல, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் முட்டிபோட்டுத் தேட ஆரம்பித்தார்கள். அந்நேரம் உள்ளே நுழைந்த கரடியூர்க்காரர்கள், ஜெபம் நடக்கிறதாக்கும் என்று தாங்களும் முட்டிபோட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் அருள் நிறைந்த மரியே சொல்லவே தொடங்கிவிட்டார். பாதி மந்திரத்தில் திருகாணி கிடைத்தது.

அந்தத் திருகாணிக்கு அவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணம் உண்டு. கிறிஸ்துதாஸ் கிட்டார் வாசித்த கோயில் பாடகர் குழுவில் ஒரு வழக்கம். வாத்தியம் வாசித்தவர் இறந்தால், அடக்கத் திருப்பலியில் அவருடைய சொந்த வாத்தியம் ஒலித்தே ஆகவேண்டும். ஹார்மோனியக்காரர் லூர்துசாமி சார் இறந்தபோது ஹார்மோனியத்துக்குள் எலி குட்டி போட்டிருந்தது. குட்டிகளைப் பாட்டுப் புத்தகப் பெட்டிக்கு ஜாகை மாற்றிவிட்டு வாசித்தார்கள். தாய் எலி கடைசிவரை பீடத்தடியில் உட்கார்ந்து பூசை கண்டது என்று சொல்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எலிக்கே விட்டுக்கொடுக்காத குழு, ஒயருக்கா விட்டுக்கொடுக்கும்? மூன்று மணிக்குப் பூசை. அதற்குள் கிட்டாரைத் தைத்து மூடவேண்டும். தைப்பதற்கு முன்னால் உள்ளே எதை வைப்பது என்று யாராவது சொல்லவேண்டும்.

சொல்லவேண்டியவர் ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தார்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தானாகத் தொண்டை கிடையாது. கம்பிகளுக்கு அடியில் மூன்று பிக்கப்புகள் உட்கார்ந்திருக்கும். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி. மேலே கம்பி அதிர்வதைக் கேட்டு, ஸ்பீக்கரிடம் கோள் சொல்வது அவற்றின் வேலை. கிறிஸ்துதாசின் கிட்டாரில் இருந்தவை சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுற்று ஜாதி. சத்தம் வெண்கல மணி மாதிரி இருக்கும். கூடவே ஓர் இலவச இணைப்பும் வரும்: இரைச்சல். அவர் ஸ்விட்சைப் போட்டதும் கோயிலுக்குள் "ங்ங்ங்ய்ய்" என்று ஒன்று கிளம்பும். ஏரியில் படகு மிதிப்பவர்கள் காலை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பார்களாம். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஃபாதர் தேன்கூடு கலைந்துவிட்டது என்று அங்கியைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு பூசைச் சாமான் அறைக்குள் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே கூட்டிவருவதற்குள் காணிக்கைப் பாட்டு முடிந்துவிட்டது.

ஏற்காட்டுப் பனி சும்மா விடுமா? உள்ளே இறங்கி இறங்கி, முதலில் நடுப் பிக்கப்பை ஊமையாக்கியது. பிறகு கழுத்துப் பக்கத்தது போயிற்று. மிஞ்சிய ஒன்றும் ஜலதோஷம் பிடித்தவர்போலப் பாடியது. மாற்றியே ஆகவேண்டும் என்று கிறிஸ்துதாஸ் முடிவு செய்தார். எதைப் போடுவது என்பதில்தான் சிக்கல். தேவகுமாரியைப் பெண் பார்க்க வாழவந்திக்கு வந்தபோது, கொடுத்த காபியில் ஒரு வாய் குடித்துவிட்டு, "சரிங்க" என்று எழுந்தவர் அவர். பிக்கப்புக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உலகத்தில் உள்ள பிக்கப்புகளையெல்லாம் போனில் வரவழைத்துக் கேட்டார். சமையலறைக்கு வந்து போனை அவள் காதில் வைத்து, "இது எப்படி? சரி, இது?" என்பார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குது."

"நல்லாக் கேளு குமாரி. இதுல ஓரத்துல ஒரு கண்ணாடி உடையறாப்பல இருக்குது. இதுல அது இல்ல."

"ரசத்துல உப்பு இருக்குதான்னு மட்டும் கேளுங்க. சொல்றேன்."

இப்படிச் சொன்னாலும், மறுபடி அவர் போனோடு வருகிறாரா என்று அவள் காது வாசல் பக்கமே இருக்கும். வீட்டில் மனுஷர் வாய் திறப்பதே அபூர்வம். சோறு, டீ, குடை, துண்டு. அவருடைய அன்றாட அகராதி அதோடு முடிந்தது. குழந்தையும் இல்லை. பிக்கப் தேடிய அந்த ஒரு வருஷத்தில் அவர் அவளிடம் பேசியது, அதற்கு முந்தைய முப்பது வருஷப் பேச்சையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பேசாத மனுஷரோடு அத்தனை வருஷம் எப்படி ஓட்டினாள் என்றால், அதற்கு அவளிடம் ஒரு ரகசியச் சொத்து இருந்தது. கோயிலில் பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு, தூண் ஓரம். பீடத்தைத் தூண் மறைக்கும் என்பதால் அங்கே உட்கார யாருக்கும் பிடிக்காது. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு, தாமதமாகப் போனவளுக்கு அந்த இடம்தான் கிடைத்தது. உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற கிறிஸ்துதாஸ், கிட்டாரோடு மெல்லத் திரும்பினார். சாமியார் பக்கம் முதுகு, ஆண்கள் பக்கம் தோள், முகம் நேராக அவளுக்கு. திரும்பினவர் பூசை முடியும்வரை அசையவில்லை.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அதற்குப் பிறகு அவள் இடம் மாறவே இல்லை. காய்ச்சலில் பல்லு கிட்டும்போதுகூட அங்கே போய்த்தான் நடுங்கினாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு யாரோ விருந்தாளியம்மா அங்கே உட்கார்ந்துவிட, அந்தம்மா மடிமேலேயே உட்கார்ந்துவிடுவாள்போல நின்று, எழுப்பிவிட்டுத்தான் விட்டாள். "உங்கூட்டுக்காரரு சாமியப் பாக்கறதே இல்ல தேவகுமாரி. உன்னயேதான் பாக்கறாரு" என்று பக்கத்து வீட்டு மல்லிகா சீண்டும்போதெல்லாம், "போக்கா" என்பாள். ஞாயிற்றுக்கிழமைக்குச் சேலை எடுப்பதற்குச் சனிக்கிழமையே பீரோவைத் திறந்துவிடுவாள். ஒரு தடவைகூட அவரிடம், "ஏன் என்னயே பாக்கறீங்க" என்று கேட்டதில்லை. கேட்டால் திரும்பிவிடுவாரோ என்ற பயம்.

ஹரிஹரன் பின்பக்கமாகச் சமையலறைக்குள் வந்தான். பஸ் ஸ்டாண்டு அருகே மொபைல் கடை வைத்திருப்பவன். மலைமேல் எந்தப் போன் எந்தத் தண்ணீரில் விழுந்தாலும் அவன்தான் காயவைப்பான். பிக்கப் விஷயத்தில் கிறிஸ்துதாசுக்கு ஒரே கூட்டாளி. கண்கள் வீங்கியிருந்தன. கையில் இருந்த சாப்பாட்டுப் பையில் ஒயரைப் பற்றவைக்கும் கம்பியும் ஈயச் சுருளும் இருந்தன.

"நேத்தே வரச் சொன்னாருங்க்கா. 'கழட்டி வெக்கிறேன், நீ வந்து பத்தவெச்சுக் குடு, எதுன்னு அப்பச் சொல்றேன்'னாரு. கடையில ஒரு ஆளு விடலைங்க. இன்னைக்குப் போய்க்கலாமுன்னு…" பையைப் பிரித்தான்.

"கருப்புக் காபி குடிக்கிறியா சாமி?"

"குடுங்க்கா."

அவன் கிட்டாரைச் சமையல் மேடையில் படுக்கவைத்து, கிறிஸ்துதாஸ் வாங்கி வைத்திருந்த இரண்டு டப்பாக்களை எடுத்து முன்னால் வைத்தான். வெள்ளை ஒன்று, பழுப்பு ஒன்று.

"வெள்ளை டப்பாவுல இருக்கறது புது மாதிரிங்க. உள்ளுக்குள்ளயே ரெண்டு சுத்து வெச்சு இரைச்சலை அமுக்கிப்போடும். சத்தமே வராது. பழுப்பு டப்பா பழைய ஜாதி. நொம்ப நல்லாப் பாடும், ஆனா இரையும். எதைங்க்கா பத்தவெக்கட்டும்?"

ஆண்டனி ராஜ் கதவருகே வந்து நின்றான். "இதுல என்னடா கேள்வி? வெள்ளை டப்பாவைப் போடு. அண்ணி, இன்னைக்கு ஒரு நாளாச்சும் இரைச்சல் இல்லாம இருக்கட்டுமுங்க. அந்த ஃபாதரு ஓடுனதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. எங்க அண்ணனைப் பொதைக்கிற அன்னைக்கும் சிரிக்கோணுமா?" சொல்லிவிட்டு, பூ வந்துவிட்டதென்று யாரோ கூப்பிட ஓடினான்.

தேவகுமாரி அடுப்பில் கொதித்த காபியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "உனக்கு எது நல்லதுன்னு படுது?"

"இன்னைக்கு ஸ்டெஃபிதானுங்களே வாசிக்குது? காலேஜுல வாசிச்ச புள்ள, நல்லாத்தான் வாசிக்கும். ஆனா அதுக்கு அண்ணன் மாதிரி கஷ்டப்படத் தெரியாதுங்க. வெள்ளையைப் போட்டுட்டா எங்க நின்னும் வாசிக்கலாம்."

"அவரு என்ன கஷ்டப்பட்டாரு?"

"திரும்பி நிக்கிறதுதானுங்க்கா." ஹரிஹரன் கம்பியைச் சூடேற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். "இந்தச் சிங்கிள் காயிலு ஒரு பக்கம் திரும்புனா கத்தும், இன்னொரு பக்கம் திரும்புனா அடங்கும். நம்ம… உங்க கோயில்ல பீடத்துக்குப் பின்னால கரண்டு போர்டு இருக்குதுங்களா, அதனால எங்க திரும்புனாலும் கத்தும். பொம்பளைங்க பக்கம் தூண் ஓரமா மூணாவது பெஞ்சு இருக்குதாமே, அந்தப் பக்கம் திரும்புனா மட்டும் அப்படியே அடங்கிருமாம். கல்யாணத்துக்கு முந்தியே கண்டுபிடிச்சுப்போட்டேன்னு பெருமையாச் சொல்லுவாரு. அதான் எப்பவும் அந்த மூலையவே பாத்து நிக்கிறது."

டம்ளர் நிரம்பி, காபி மேடையில் வழிந்து, அவள் காலில் சொட்டியது. சூடு தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தியே.

கூடத்தில் யாரோ ஒப்பாரியை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள். ஃப்ரீசர் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. தேவகுமாரி கந்தையை எடுத்து மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். மாம்பழ மஞ்சள் சேலை, கருநீலச் சேலை, ஈஸ்டருக்கென்று எடுத்த இளஞ்சிவப்பு. தூக்கம் வந்த பிரசங்கங்களில்கூட முகத்தைத் தளரவிடாமல் வைத்திருந்தது. எல்லாம் ஒரு கரண்டு போர்டு போட்ட பிச்சை. அவள் இடத்தில் ஒரு மூட்டை காபிக்கொட்டையை வைத்திருந்தாலும் அவர் அதைத்தான் பார்த்து நின்றிருப்பார், அதே கனிவோடு.

"வெள்ளையையே போடு" என்றாள்.

"சரிங்க்கா."

ஹரிஹரன் குனிந்தான். ஈயம் உருகி, குங்கிலியம் கருகினாற்போல ஒரு வாசனை கிளம்பிற்று. கூடத்துச் சாம்பிராணியும் வந்து அதோடு கலந்துகொண்டது. ஒரு ஒயர் ஒட்டியது. இரண்டாவதும் ஒட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனாகச் சிரித்தான்.

"அண்ணனுக்கு இது புடிக்காதுங்க்கா. இதை வாங்கி ஆறேழு மாசம் டப்பாவுலயே வெச்சிருந்தாரு. நான் நச்சரிச்சுக்கிட்டே இருப்பேன். 'ஏனுங்ண்ணா, இவ்வளவு தேடி வாங்கிப்போட்டு மாட்ட மாட்டேங்கறீங்களே'ன்னு. ஒரு நாளு சொல்றாரு, 'இதை மாட்டிப்போட்டா அப்புறம் நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறது ஹரி?'ன்னு."

தேவகுமாரி கந்தையைக் கீழே வைத்தாள்.

"'எங்க வேணாலும் பாத்து நிக்கலாமுங்களே'ன்னேன். 'அதுதான்டா சங்கடம்'ன்னாரு. அப்புறம்தான் போயி இந்தப் பழுப்பு டப்பாவையும் வாங்கிட்டு வந்தாரு. ரெண்டையும் வெச்சுக்கிட்டு முழிச்சாரு."

"என்ன சொன்னாரு? மறுபடியும் சொல்லு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடியும் சொன்னான், முன்னைவிட மெதுவாக.

"விளையாட்டுக்குச் சொன்னாரா?"

"தெரியலைங்க்கா." ஹரிஹரன் யோசித்தான். "நான் சிரிச்சுப்போட்டேன். அவரு சிரிக்கலைங்க."

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் பாதிக்குமேல் காணவில்லை. விளையாட்டா, இல்லையா? போய்க் கேட்டுவிட்டு வர முடிகிற தூரத்தில்தான் இருந்தார். பத்தடிகூட இல்லை.

"பத்தவெச்சதைக் கழட்டு" என்றாள்.

"அக்கா?"

"பழுப்பு டப்பா."

ஆண்டனி ராஜ் மாலையோடு வந்தவன் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றான். "அண்ணி, என்னங்க நீங்க? ஊரே சிரிக்கும் அண்ணி!"

"சிரிக்கட்டும் ஆண்டனி. காலையிலிருந்து அழுது எல்லாத்துக்கும் தொண்டை கட்டிக்கெடக்குது."

"நீங்கதானுங்க அந்த இரைச்சலுக்கு வருஷம் பூரா அவரைத் திட்டுனீங்க!"

"நான்தான் திட்டுனேன். அதுக்கு இப்ப என்ன?" என்றாள் தேவகுமாரி. அவன் மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

கோயிலில் நிற்க இடமில்லை. கிளியூர் லைன் வீடுகளிலிருந்து நடந்தே வந்தவர்கள், எஸ்டேட் ஆட்கள், ஹரிஹரன் கடையில் ரிப்பேருக்குப் போனைக் கொடுத்துவிட்டுக் கடை சாத்தியிருக்கிறதே என்று தேடிவந்தவர்கள்கூட இருந்தார்கள். ஊரே நெருக்கிக்கொண்டு நின்றதில் பெஞ்சுகள் முனகின. பெட்டி பீடத்துக்குக் கீழே இருந்தது. தேவகுமாரியைக் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய முதல் பெஞ்சில், பெட்டிக்கு அருகில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கிருந்து பீடம் முழுசாகத் தெரிந்தது. மெழுகுவர்த்திகள், சிலுவை, ஃபாதரின் செருப்பு. இத்தனை வருஷமும் இவ்வளவு சாமான் அங்கே இருந்தது அவளுக்குத் தெரியாது.

காணிக்கைப் பாட்டுக்கு நேரமாயிற்று. ஸ்டெஃபி சிவப்புக் கிட்டாரை மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஒல்லிப் பெண். கிட்டார் அவளைவிட அகலமாக இருந்தது. ஸ்விட்சைப் போட்டாள்.

"ங்ங்ங்ய்ய்ய்…"

கோயில் முழுவதும் ஓர் அசைவு ஓடிற்று. பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அடக்க முடியாமல் அது அழுகையாகப் போயிற்று. ஆண்டனி ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்டெஃபி பதறிப்போனாள். ஒயரை அசைத்துப் பார்த்தாள். சாமியார் பக்கம் திரும்பினாள். இரைச்சல் ஏறியது. பெட்டியின் பக்கம் திரும்பினாள். இன்னும் ஏறியது. ஆண்கள் பக்கம் திரும்பியபோது முதல் வரிசைக் குழந்தை ஒன்று காதைப் பொத்திக்கொண்டது. கதவோரம் நின்ற ஹரிஹரன் கையை நீட்டி, அந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று காட்டினான். அவள் அடி அடியாகத் திரும்பினாள்.

சட்டென்று அடங்கியது.

எந்தப் பக்கம் என்று பார்க்கத் தேவகுமாரி திரும்பவேண்டிய அவசியமில்லை. இருந்தாலும் திரும்பினாள்.

காலை வைக்க இடமில்லாத கூட்டத்தில், தூண் ஓரத்தில், மூன்றாவது பெஞ்சின் முனையில் ஓர் ஆள் அளவுக்கு மட்டும் யாரும் உட்காரவில்லை. மல்லிகா பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று போயிருந்த பலகையில் ஜன்னல் வெளிச்சம் கிடந்தது.

ஸ்டெஃபி அந்த இடத்தைப் பார்த்தபடியே முதல் கம்பியைத் தட்டினாள்.